கொவிட் ஊசி போடாமலே சவூதி போகேலுமா? கொம்பனி போடச் சொல்லுது, அம்மா வேண்டாமெண்டுறா

உப்புவெளிப் பெடியன்
2021 டிசம்பர் 18, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு 29 வயசு. 2016ல இருந்து சவூதி தம்மாம்ல ஏசி வேலை. 2020 பெப்ரவரியில லீவுல வந்தனான், மார்ச்ல ஏர்போட்டப் பூட்டிட்டாங்கள், அப்பிடியே இக்காமாவும் (சவூதி வதிவிட அனுமதி) முடிஞ்சுது வேலையும் போச்சு. அதுக்குப் பிறகு நிலாவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ஏசி, மோட்டர், பைப் எண்டு கிடைக்கிறதச் செய்துகொண்டு இருக்கிறன். இப்ப பழைய கொம்பனியே புது விசா தாறம் வா எண்டு கூப்பிடுது. ஆனா ரெண்டு ஊசியும் போட்ட கார்ட் வேணுமாம். நான் ஒண்டும் போடேல்ல.

ஏன் போடேல்ல எண்டு சொல்றன். அப்பாக்கு சுகர், ஹார்ட் வருத்தமும் இருந்தது. ஆகஸ்ட்ல பள்ளிக்கூடத்துல சனத்தோட சனமா லைன்ல நிண்டு சினோபார்ம் எண்ட சீன ஊசி முதல் தரம் போட்டவர். 5ஆம் நாள் இருமல், 9ஆம் நாள் மூச்சு எடுக்கேலாமப் போச்சு, ஹொஸ்பிட்டல்ல பிசிஆர் பொசிட்டிவ் எண்டாங்கள், 12ஆம் நாள் ஆள் இல்ல. பெட்டியோடதான் தந்தவை, முகம் கூட வடிவாப் பாக்கேல்ல. அம்மா அண்டையில இருந்து ஊசிதான் கொண்டது எண்டு நிக்கிறா. அப்பாட கார்ட் அலுமாரியில சாமிப் படத்துக்குப் பின்னால கிடக்கு, ரெண்டாவது ஊசிக்கு வரச்சொல்லி எழுதின திகதியும் அதில அப்பிடியே இருக்கு. நான் ஊசி எண்டு வாய் திறந்தா அதை எடுத்துக்கொண்டு வந்து முன்னால வைப்பா, ஒண்டும் பேசமாட்டா.

இஞ்சயும் கெஸ்ட் ஹவுஸ் முதலாளி புது வருசத்தோட கார்ட் இல்லாட்டி வரவேண்டாம் எண்டு சொல்லிட்டார். ஜனவரி 1ல இருந்து பொது இடத்துக்கும் கார்ட் கேப்பினம் எண்டு நியூசிலயும் போகுது. டவுன்ல ஒரு ஆள் 15,000 தந்தா ஊசி போடாமலே கார்ட் எடுத்துத் தாறன் எண்டுறான். தங்கச்சிக்கு அடுத்த வருசம் கலியாணம், கடனும் கிடக்கு. என்ட உடம்புக்கு என்ன போடுறது எண்டு நான்தானே முடிவெடுக்கோணும், ஆனா முடிவெடுக்கேலாமக் கிடக்கு. அனுபவம் உள்ளாக்கள் சொல்லுங்கோ.

கிண்ணியா நாநா
டிசம்பர் 18, இரவு 11.05

தம்பி, நான் ரியாத்ல 11 வருசம். முதல்ல அந்த 15,000 ஆளட பக்கமே போகாதீங்க. நீங்க காட்டுற கார்ட்டை சவூதியில ஒரு ஆள் வாசிச்சுப் பாத்துட்டு விடுற மாதிரி இல்ல, விபரத்தைப் பதியணும், பிறகு தவக்கல்னா எண்ட சவூதி அரச போன் அப்ல இம்யூன் (ஊசிப் பாதுகாப்பு உள்ள ஆள்) எண்டு வரணும். ஆகஸ்ட் 1ல இருந்து அது இல்லாம வேலைக்குள்ளயும் விட மாட்டாங்க, மோலுக்கும் பஸ்ஸுக்கும் விட மாட்டாங்க. பொய்க் கார்ட் பிடிபட்டா விசாவும் போய் பேரும் கெட்டு, கடன் ரெண்டு மடங்காத்தான் ஊருக்கு வருவீங்க.

ரெண்டாவது விசயம், எந்த ஊசி எண்டது. சவூதியில ஃபைசர், மொடேர்னா, அஸ்ட்ராசெனெகா, ஜோன்சன் நாலையும் நேரா எடுப்பாங்க. சினோபார்ம் ரெண்டு போட்டாக்கள் அந்த நாலுல ஒண்டை மேலதிகமாப் போடணும் எண்டுதான் எனக்குச் சொன்னாங்க. நான் லீவுல வந்து ரெண்டு சினோபார்ம் போட்டுட்டு இப்ப ஃபைசர் பூஸ்டரும் போட்டிருக்கிறன். பெப்ரவரி 1ல இருந்து ரெண்டாவது போட்டு 8 மாசம் கடந்தாக்களுக்கு பூஸ்டர் இல்லாட்டி இம்யூன் கழண்டுபோகும் எண்டும் அறிவிச்சிருக்காங்க, அதையும் கணக்குல வைங்க.

உங்கட உம்மாட மனசு எனக்கு விளங்குது தம்பி. எங்கட ஆக்களும் லேசுல ஊசிக்குப் போகல்ல. 2020 ஏப்ரல்ல இருந்து கொவிட்ல மௌத்தான எங்கட மையித்துகள (உடல்கள) எரிச்சாங்க, உலகமே அடக்கலாம் எண்டு சொல்லியும் எரிச்சாங்க, 2021 மார்ச்லதான் ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க. என்ட மாமாவ அங்கதான் அடக்கினது, ரெண்டே ரெண்டு பேர்தான் கூடப் போனம். அந்தச் சுகாதாரப் பகுதியே வந்து கையை நீட்டு எண்டா எப்பிடி நம்புறது? வாப்பா ரெண்டு மாசம் மாட்டன் எண்டு இருந்தார். கடைசியில போட்டார், அது அரசாங்கத்தை நம்பி இல்ல, எங்கட ஊர் டொக்டர் வீட்டுக்கு வந்து திண்ணையில இருந்து ஒரு மணித்தியாலம் கதைச்சதாலதான்.

வார்ட் அக்கா
டிசம்பர் 19, காலை 6.20

நைட் முடிச்சு இப்பதான் வந்தன், இதைப் படிச்சிட்டு எழுதாமப் படுக்க மனம் வரேல்ல.

தம்பி, சினோபார்ம் எண்டது செத்த வைரஸ். நாய் கடிச்சாப் போடுற ஊசியும் அந்த மாதிரிச் செய்யிறதுதான், அதால கொவிட் வராது. அப்பாக்கு 5ஆம் நாள் இருமல் தொடங்கினதெண்டா கிருமி அவர் உடம்புல ஊசிக்கு ஒண்டு ரெண்டு நாள் முந்தியோ, அந்தக் கிழமையிலயோதான் போயிருக்கும். முதல் ஊசி போட்ட கையோட பாதுகாப்பு வராது, ரெண்டாவதும் போட்டு ரெண்டு கிழமை போகோணும். ஆகஸ்ட்ல நாடு முழுக்க ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல செத்த காலம், 20ஆம் திகதி ஊரடங்கு போட்டு ஒக்டோபர் 1 வரைக்கும் பூட்டி வச்சவை. அந்த நேரம் எங்கட வார்ட்ல ஒக்சிசன் போத்தில்ல தண்ணி கொதிக்கிற மாதிரிக் கொப்புளிக்கிற சத்தம் இரவு முழுக்க கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஐயா என்ட கையை விடேல்ல, ஊசி எங்க போடுறது பிள்ளை எண்டு மாஸ்கோட கேட்டவர். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல.

பயம் வேண்டாம், ஒண்டும் வராது எண்டும் சொல்ல மாட்டன். ஃபைசர், மொடேர்னா போட்ட இளம் ஆம்பிளப் பிள்ளையளுக்கு அபூர்வமா இதயத் தசையில அழற்சி வந்திருக்கு, கூடுதலா ரெண்டாவது ஊசிக்குப் பிறகு, சில நாளுக்குள்ள. அதிகம் பேருக்குச் சுகமாயிடும். நெஞ்சு நோவு, மூச்சு வாங்கல், படபடப்பு வந்தா உடன ஹொஸ்பிட்டலுக்கு வரோணும். அந்த ஒரு கிழமை ஏணியில ஏறுறது, பாரம் தூக்கிறது வேண்டாம், ஏசி வேலை எண்டபடியாச் சொல்றன்.

எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசுக்கு நேர போய் வெளிநாட்டுக்கு எண்டு சொல்லி, என்ன ஊசி கையில இருக்கெண்டு முதல்ல கேளுங்கோ, கேட்டுட்டுக் கையைக் குடுங்கோ. ஏலுமெண்டா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவ அந்தக் கார்ட்டை ஒரு டொக்டருக்குக் காட்டி, இதாலயா மனுசன் போனது எண்டு தன்ட வாயால கேக்கோணும். நீங்க சொல்லி அவ கேக்கமாட்டா.

சாம்பல்தீவு
டிசம்பர் 19, காலை 10.15

நான் போடேல்ல, போடவும் மாட்டன், எனக்கு 43 வயசு. ஊசி போடுறாக்களைக் குறை சொல்லேல்ல, என்ட மனுசி போட்டவ. ஆனா சோத்துக்கு வழியை நிப்பாட்டி வச்சுக்கொண்டு விருப்பமெண்டாப் போடு எண்டுறது விருப்பமில்ல. நான் சொந்தப் படகு, எனக்கு முதலாளி இல்ல, அதால மாட்டன் எண்டு சொல்லேலுது. இந்தத் தம்பிக்கு அப்பிடிச் சொல்லேலாது, அதுதான் எனக்குக் கோவம். அக்கா சொன்ன மாதிரி வாசல் திண்ணையில இருந்து கதைக்க ஆள் அனுப்பியிருந்தா எத்தினை பேர் தானாப் போயிருப்பினம். கார்ட் கேக்கிறதுக்கு மட்டும் ஆள் இருக்கு.

தம்பி, உங்களுக்கு நான் போடு எண்டும் சொல்லேல்ல, போடாத எண்டும் சொல்லேல்ல. போறதெண்டா கடனுக்காகப் போறன் எண்டு உங்களுக்குள்ள தெளிவா இருங்கோ, பிறகு அம்மாவைக் குறை சொல்லாதேங்கோ.

டோகாவில இருந்து திருமலையான்
டிசம்பர் 19, பகல் 1.30

திண்ணைக் கதை சொன்னது கிண்ணியா நாநா, ஆனா நீங்க சொன்னது சரிதான் அண்ணை.

நான் ஊசி போடுறதா இல்லையா எண்டதுக்குள்ள வரேல்ல, கார்ட்டைப் பற்றி மட்டும் சொல்றன், இதாலதான் கன பேர் ஏர்போட்ல அழுதது. எங்கட ஆக்களுக்கு இனிசியல் பிரச்சினை. கார்ட்ல அவசரத்துல "எஸ். குமார்" எண்டு கையால எழுதுவினம், பாஸ்போட்ல தேப்பன்ட முழுப் பேரும் சேந்து நீட்டா இருக்கும். எனக்கு அப்பிடித்தான், அதோட பேட்ச் நம்பர்ல ஒரு 8 பாத்தா 3 மாதிரி இருந்தது, திருத்தி எடுக்க மூண்டு தரம் அலைஞ்சன். ஊசி போடுற மேசையிலயே பாஸ்போட்டைக் குடுத்து அதுல இருக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கோ, பின்னால நிக்கிறாக்கள் கத்தினாலும் பரவாயில்ல. எழுந்து போக முதல் பேர், திகதி, பேட்ச் மூண்டையும் வாசிச்சுப் பாருங்கோ. பிறகு சுகாதார அமைச்சுட கியூஆர் கோட் உள்ள டிஜிட்டல் சான்றிதழுக்கு ஒன்லைன்ல போடலாம்.

நாட்டுக்கு நாடு வித்தியாசம் எண்டதையும் மறக்காதேங்கோ. டுபாய்க்காரர் சினோபார்மை அப்பிடியே எடுக்கினம். இஞ்ச கட்டார்ல சினோபார்ம் எண்டா அன்டிபொடி டெஸ்ட்டும் கேக்கினம். சிநேகிதன் போனவன்தானே எண்டு அவன்ட கதையைக் கேட்டு ரிக்கெற் போடாதேங்கோ, போடுற அண்டைக்கு ஏர்லைன்ல கேளுங்கோ.

உப்புவெளிப் பெடியன்
டிசம்பர் 19, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. வார்ட் அக்கா எழுதினதை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். ஊசிக்கு முந்தியே கிருமி போயிருக்கும் எண்ட இடத்துல நிப்பாட்டச் சொன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு, அதுக்கு முதல் ஞாயிறு அப்பா செத்தவீடு ஒண்டுக்குப் போட்டு வந்தவர் எல்லோ எண்டு கேட்டா. எனக்கு அது ஞாபகமே இல்ல. பிறகு எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா.

ஓம் எண்டு இன்னும் சொல்லேல்ல. நாளைக்குத் திங்கக்கிழமை எம்ஓஎச் ஒஃபிசுக்குப் போறம், அவவும் வாறாவாம், அப்பாட கார்ட்டை பையில வச்சிருக்கிறா. சாம்பல்தீவு அண்ணை, நீங்க சொன்னதையும் நினைச்சுக்கொண்டு இருக்கிறன். 15,000 ஆளுக்கு வேண்டாம் எண்டு சொல்லிட்டன்.

ஒரு கேள்வி மட்டும், முதல் ஊசி இஞ்ச போட்டிட்டு ரெண்டாவதை கொழும்புல போடலாமோ? விசா வேலைக்கு எப்பிடியும் நைட் மெயில் ரெயின்ல போகோணும்.

வார்ட் அக்கா
டிசம்பர் 19, இரவு 9.30

கார்ட்டும் ஐடியும் கையில இருந்தா கேட்டுப் பாக்கலாம் தம்பி, அதே ஊசி அங்க இருக்கோ எண்டதுதான் முக்கியம். ஏலுமெண்டா ரெண்டையும் இஞ்சயே முடிச்சிட்டுப் போங்கோ. நான் நாளைக்கு ஓஃப், காலம 9 மணிக்கு ஒஃபிஸ் வாசல்ல நிக்கிறன். அம்மாட்ட சொல்லுங்கோ.