நண்பனுக்கு ஒரு மடக்குக் கத்தி: எது நல்லது?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் என் நண்பனுக்கு, எந்நேரமும் பொக்கற்றில் கிடக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கிக் கொடுக்க வேண்டும். உரப்பை வெட்ட, கயிறு அறுக்க, மாங்காய் சீவ, எல்லாவற்றுக்கும் அவனுக்கு ஒரே கத்திதான். என்னால் 6,000 ரூபாய் வரை போடலாம்.

விரித்த அலகு பூட்டிக்கொள்ள வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அழுத்தி வெட்டும்போது மடிந்தால் விரல் போய்விடும். அதனால்தான் ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் 8ஆம் இலக்கத்தில் ஒரு கண். 8.5 சென்ரிமீற்றர் அலகு, கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம், பாரமும் இல்லை. ஆனால் மரப்பிடி நனைந்தால் ஊதிவிடும், பிறகு அலகைத் திறக்கப் பெரும்பாடு. மாரியில் சேற்றுக்குள் நிற்பவனுக்கு அது சரிவருமா? கார்பன் உருக்கு தீட்ட இலகு, ஆனால் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் கறள் பிடிக்கும். அவனுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஆகவே கறள் பிடிக்காத உருக்குத்தான் வேண்டும்.

பிளாஸ்ரிக் பிடியும் பூட்டும் உள்ள, நீங்கள் பாவித்துப் பார்த்த கத்தி ஏதும் இருந்தால் சொல்லுங்கள். வவுனியா, கிளிநொச்சிக் கடைகளில் கிடைக்குமா, இல்லை கொழும்பில்தான் எடுக்க வேண்டுமா? காலபோக விதைப்புக்கு முன் அவன் கையில் கொடுக்க ஆசை.