நாய்களை முற்றத்தில் நிறுத்த மின்வேலி உதவுமா?

கேள்வி (கோத்தகிரி): தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டு நாய்களும் காட்டுமாட்டைக் கண்டால் வேலியைத் தாண்டி ஓடிவிடுவதால், தாழ்வான சூரியசக்தி மின்வேலி அமைக்கலாமா என்று விவரம் அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் 1: அமைக்கலாம் ஐயா, நாயின் மூக்குயரத்தில் ஒரு கம்பியும் அதற்குமேல் இன்னொன்றும் போதும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது குற்றம், உயிரையும் பறிக்கும். விநாடிக்கு ஒருமுறை அளவில் மிகக் குறுகிய துடிப்பாக மின்சாரம் அனுப்பும் கருவியையே பொருத்த வேண்டும். காப்புக்காடு அருகில் இருந்தால், 2023ஆம் ஆண்டு தமிழக அரசு வகுத்த மின்வேலி விதிகளைப் பற்றி வனத்துறையில் முதலில் விசாரியுங்கள்.

பதில் 2: மழைக்காலத்தில் நனைந்த புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் கசிந்து, அதிர்ச்சி குறைந்துவிடும். நம் ஊரில் புல் வெட்டுவதுதான் பெரிய வேலை!

பதில் 3: அந்த வேலி சிறுத்தையைத் தடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இருட்டுவதற்குள் நாய்களைக் கதவுள்ள கொட்டிலில் அடைத்துவிடுங்கள்.