கவுண்ட்டர்பாயிண்ட்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம்.

வீணையும் மேற்கத்திய நரம்பிசைக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி ஒன்றுக்கான விளக்கக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பல்லியம், ஹார்மனிக்கு ஒத்திசைவு என்று போட்டுவிட்டேன். கவுண்ட்டர்பாயிண்ட்டில் மாட்டிக்கொண்டேன். 12 பக்கத்தில் 17 இடத்தில் வருகிறது, ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

பொருள் இதுதான்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடவேண்டும், ஒவ்வொன்றையும் தனியாகப் பாடினாலும் முழு மெட்டாக நிற்கவேண்டும், சேர்ந்து ஒலிக்கும்போது பொருந்தவும் வேண்டும். ஒன்று தலைமை, மற்றது பக்கவாத்தியம் என்ற பேச்சே கிடையாது. எதிரிசை, இணைமெட்டு, பின்னிசை என்று மூன்றை யோசித்தேன். மூன்றிலும் மனம் முழுதாக ஒப்பவில்லை. உதவுங்கள்.

---

> எதிரிசை

அம்மா, இதையே வைத்துக்கொள்ளுங்கள். மூலம் லத்தீன், 'புள்ளிக்கு எதிர்ப் புள்ளி' என்பது பொருள். சுரத்தைப் புள்ளியாகக் குறித்த காலத்தில் பிறந்த பெயர் அது. எதிர் என்றால் உடனே சண்டை நினைவுக்கு வருவது நம் காலத்துப் பழக்கம்தான். எதிர்கொள்ளல், எதிர்காலம், எதிரே வந்தார், இவற்றில் பகை எங்கே இருக்கிறது? இலக்கணத்திலேயே 'எதிரது தழீஇய எச்சவும்மை' உண்டு. எதிரே வருவதைத் தழுவிக்கொள்ளும் உம்மை. ஒரு மெட்டு இன்னொன்றை எதிரே கண்டு தழுவுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

இன்னொன்று. சிலம்பின் வேனிற்காதையில் 'இணைகிளை பகைநட் பென்றிந் நான்கின் இசைபுணர் குறிநிலை' என்று வருகிறது. நரம்பு என்றால் இங்கே சுரம். நின்ற நரம்புக்கு நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்று உரைமரபில் கொள்வார்கள். மேற்கத்தியர் தங்கள் சுரக்கூட்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களை, அதாவது கார்டுகளை) கட்டுவதோ அந்த மூன்றாவதை வைத்துத்தான். நரம்புகளுக்கிடையிலான உறவுக்கு இத்தனை பெயர் வைத்திருந்த மொழியில், இரண்டு மெட்டுகளின் உறவுக்குச் சொல் இல்லை என்று கைவிரிக்கவேண்டாம். அந்த நான்கையும் இன்றைய அரைச்சுரக் கணக்கில் வைத்து நான் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன், பிறகு அனுப்புகிறேன்.

---

ஐயா, அட்டவணையை அவசியம் அனுப்புங்கள். ஆனால் நான் வயலின் சொல்லிக்கொடுப்பவன், வகுப்பில் எதிரிசை என்று சொன்னால் பிள்ளைகளுக்கு எதிரொலிதான் காதில் விழும். எதிரொலி முதல் குரலையே திருப்பிச் சொல்வது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது.

இந்தச் சொல் ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். கர்நாடக ராகத்தைப் பல்லியத்தோடு சேர்க்க வருகிறவர்கள் முதலில் ராகத்துக்குக் கீழே சுரக்கூட்டுகளை அடுக்குகிறார்கள். மோகனத்தை எடுங்கள். ச ரி க ப த, ம வும் நி யும் கிடையாது. மேற்கத்திய முறையில் ஒரு வாக்கியம் போய் முடிய ப-நி-ரி என்ற கூட்டு வேண்டும், அதில் நி இருக்கிறது. ம-த-ச கூட்டில் ம இருக்கிறது. அடிப்படையான மூன்று கூட்டுகளில் ச-க-ப ஒன்றுதான் ராகத்துக்குள் நிற்கிறது. மற்ற இரண்டும் வந்தால் மோகனம் போய்விடும். அதற்குப் பதிலாக மோகனத்திலேயே இரண்டாவது மெட்டு ஒன்றை எழுதி, முதலாவது நீண்டு நிற்கும் இடத்தில் இதை நடக்கவிட்டால் ராகமும் கெடாது, பல்லியத்துக்கும் வேலை இருக்கும். கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, வந்தால் இன்னும் கவனம் வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்காது. அதற்கு நேரே செல்லோக்காரர் ஒரு சுரத்தை அசையாமல் பிடித்தால் இடைவெளி வழுக்கிக்கொண்டே போகும். அந்த இடத்தில் மற்ற மெட்டு ச விலோ ப விலோ ஒதுங்கி நிற்கவேண்டும். இதெல்லாம் கவுண்ட்டர்பாயிண்ட் வேலை, ஒத்திசைவு வேலை இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் குழப்பியதால்தான் பல முயற்சிகள் ராகத்துக்குப் பின்னால் மெத்தை விரித்ததுபோல் ஆகிவிடுகின்றன என்பது என் எண்ணம்.

சொல்லைப் பற்றிக் கேட்டால், கவுண்ட்டர்பாயிண்ட் என்றே இருக்கட்டும். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்தவற்றை நோட்டுஸ்வரம் என்றுதான் இன்றும் சொல்கிறோம். அதில் முதல் பாதி ஆங்கிலம், யாருக்கும் உறுத்தவில்லை. வயலினும் அப்படித்தான். பிடில் என்றோம், வயலின் என்றோம், வாத்தியம் நம்முடையதாகிவிட்டது.

---

> கவுண்ட்டர்பாயிண்ட் என்றே இருக்கட்டும்

நோட்டு மூன்றெழுத்துச் சொல், நாவில் உட்கார்ந்தது. இது உட்காராது. கவுண்ட்டர்பாயிண்ட்டுக்கு, கவுண்ட்டர்பாயிண்ட்டால் என்று வேற்றுமை உருபு ஏற்றிப் பாருங்கள்.

பின்னிசையை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? அது வினைத்தொகை. பின்னிய இசை, பின்னுகின்ற இசை, பின்னும் இசை, மூன்று காலமும் அடங்கும். பின்னு என்பதன் ஈறு முற்றியலுகரம் (முழுதாக ஒலிக்கும் உகரம்), உயிர் வந்தால் கெடாதே என்று யாராவது கேட்கலாம். நன்னூல் 164 'முற்றும் அற்று ஒரோவழி', அதுவும் சில இடங்களில் அப்படியே கெடும் என்று வழி விட்டிருக்கிறது. இளையராஜா 1986-இல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பைக் கேட்கும்போது எனக்குத் தோன்றிய சொல்லும் பின்னல்தான். இழைகள் மேலும் கீழும் மாறிக்கொண்டே போகும், எது மேல் இழை என்று கேட்டால் சொல்லமுடியாது.

---

பின்னு சரி, ஆனால் பின் + இசை என்றாலும் தனிக்குறில் முன் ஒற்று இரட்டி அதே பின்னிசைதான் வரும். படிக்கிறவர் பின்னணி இசை என்று நினைப்பார். 'பக்கவாத்தியம் அல்ல' என்று சொல்ல எடுத்த சொல்லே பக்கவாத்தியமாகிவிடும்.

ஒரு எழுத்தை மட்டும் கூட்டி பின்னலிசை என்றால் என்ன? வினைத்தொகை அழகு போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவுடன் புரியும்.

---

புரிவது மட்டும் போதுமா? பின்னலில் மூன்று புரியும் ஒரே தலைமுடி. மெட்டுகளின் தனித்தன்மை அதில் எங்கே? சிலம்பின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். 'குழல்வழி நின்றது யாழே, யாழ்வழித் தண்ணுமை நின்றது தகவே, தண்ணுமைப் பின்வழி நின்றது முழவே'. ஒன்றின் வழியே ஒன்று. நம் மரபு வழிநிற்றல். வயலின் பாட்டுக்குப் பின்னே நிழல்போல் வருவதும் அதுவே. வழிநிற்றலுக்கு மாற்று எதிர்நிற்றல். எதிரிசை என்னும்போது இரண்டு மரபும் முகத்துக்கு முகம் நிற்கின்றன. அடுத்த வரியில் வரும் ஆமந்திரிகை என்ற கருவி இடக்கை என்னும் தோற்கருவிதானா என்பது வேறு கேள்வி, அதைப் பற்றியும் எழுதவேண்டும்.

---

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். தனி மடல்களையும் சேர்த்துப் பின்னலிசைக்கு 5 பேர், கவுண்ட்டர்பாயிண்ட்டுக்கு 3 பேர், எதிரிசைக்கு 2 பேர். முதல் இடத்தில் 'கவுண்ட்டர்பாயிண்ட் எனப்படும் பின்னலிசை' என்றும், மீதி 16 இடத்தில் பின்னலிசை என்றும் போட்டு அனுப்பிவிட்டேன். வயலின் ஆசிரியரின் மோகன விளக்கத்தை அவர் அனுமதியோடு கையேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன். மூல ஆசிரியருக்கும் அது பிடித்துவிட்டது.

ஐயா, 'வழிநிற்றல்' என்ற சொல்லை வேறோர் இடத்தில் எடுத்துக்கொண்டேன். வீணை பாடும் சுரத்தையே குழு திருப்பி வாசிக்கும் பகுதிக்கு அது கச்சிதமாக உட்கார்ந்தது.

---

மகிழ்ச்சி அம்மா. பின்னலிசைக்கு என் ஒப்புதல் இல்லை என்பது மட்டும் பதிவில் இருக்கட்டும்.

முதல் மடலில் ஹார்மனிக்கு ஒத்திசைவு போட்டதாகச் சொன்னீர்கள், அதை யாரும் கவனிக்கவில்லை. ஒத்து என்பது நாகசுரத்துக்கு ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் குழல். அசையாத ஒரு சுரத்தின் பெயரை, மாறிக்கொண்டே போகும் சுரக்கூட்டுகளுக்கு எப்படி வைப்பது? தனி இழையில் தொடங்குகிறேன்.