பின்னி மில் நின்றது ஓட்டேரி நல்லா எனும் ஓடைக் கரையிலா, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையிலா?

பெரம்பூர்வாசி:
"பக்கிங்ஹாம் கால்வாயின் கரையில் எழுந்ததால்தான் பக்கிங்ஹாம் மில் என்று பெயர் வந்தது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்த பின் வாளாவிருக்க முடியவில்லை. சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியின் அந்தப் பஞ்சாலை தொடங்கப்பட்டது 1876-இல்; கால்வாய்க்கு அப்பெயர் வந்ததோ, தாது வருடப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடி வந்தவர்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பிறகு, 1878-இல். இரண்டுக்கும் பெயர் தந்தவர் அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. ஆலை நின்றது ஓட்டேரி நல்லாக் கரையில்.

வடசென்னையான்:
அந்த 'ஒருவர்' நான்தான் ஐயா. என் பெயரை எழுதத் தங்கள் கை கூசுகிறது போலும். பெயர் எப்படி வந்தால் என்ன, ஆலை கால்வாய்க் கரையில்தான் இருந்தது. பஞ்சுப் பொதிகள் படகில் வந்து இறங்கியதை என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பெரம்பூர்வாசி:
படகில் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். அந்தப் படகு கால்வாய் ஓடும் பேசின் பிரிட்ஜிலிருந்து ஆலை நின்ற குக்ஸ் சாலைவரை தரையில் ஊர்ந்தா வந்தது? ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும், தலைமுடியில் பஞ்சுத்தூசி வெள்ளையாகப் படிந்திருக்க, ஆட்கள் தூக்குச்சட்டியோடு குக்ஸ் சாலையை அடைத்துக்கொண்டு நடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். நல்லாக் கரை.

கூவம்நேசன்:
கரை என்றால் நீரிலிருந்து எத்தனை அடிக்குள் என்பதை முதலில் இருவரும் முடிவு செய்துகொள்ளலாமே.

வடசென்னையான்:
ஓட்டேரி நல்லாவே கடைசியில் கால்வாயில்தானே போய் விழுகிறது! ஆகவே கால்வாய்க் கரை.

பெரம்பூர்வாசி:
கால்வாயும் கடலில் கலக்கிறது. ஆலை வங்கக் கடற்கரையில் இருந்தது என்றும் எழுதிவிடுங்கள்.

புளியந்தோப்பான்:
கரையைப் பற்றி இத்தனை பேச்சு, அங்கே உழைத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த ஆலையாட்களால்தான். எல்லாரும் சங்கத்தின் தலைவர்களான வாடியாவையும் திரு.வி.க.வையும் மட்டுமே சொல்வார்கள். அவர்களைத் தேடிப்போய் அழைத்த செல்வபதி செட்டியாரையும் இராமானுஜலு நாயுடுவையும் யாருக்கு நினைவிருக்கிறது?

வடசென்னையான்:
1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு பற்றி எரிந்ததையும், தொழிலாளி தொழிலாளியை அடித்ததையும் வசதியாக விட்டுவிட்டீர்களே.

புளியந்தோப்பான்:
அடிபட்டது எங்கள் தெரு. அதைத் தாங்கள் எனக்குக் கற்பிக்க வேண்டாம்.

பெரம்பூர்வாசி:
சென்ற மாதம் கோட்டை பற்றிய விவாதத்திலும் தோற்கும் நேரத்தில் வடசென்னையான் இப்படித்தான் வேறு சண்டையைக் கிளப்பினார். 1996-இல் ஆலை மூடப்பட்டு, வளாகம் திரைப்படப் படப்பிடிப்புக்கும் சரக்குப் பெட்டகங்களுக்கும் இடமாகி, பிறகு அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன; ஆலைதான் போயிற்று, ஓட்டேரி நல்லா எங்கும் போகவில்லை. கனமழை பெய்தால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் புகுவது எந்த நீர் என்று அங்கே குடியிருப்பவர்களையே கேளுங்கள்.

வடசென்னையான்:
கேட்டேன். 'கால்வாய்த் தண்ணீர்' என்றுதான் சொன்னார்கள்.

பெரம்பூர்வாசி:
எந்தக் கால்வாய் என்று கேட்டீர்களா?