புள்ளியை விற்பதா, வைத்துக்கொள்வதா?

குழு: பெரிய வீடு

சுந்தரம் பெரியப்பா, இரவு 8:04
எல்லோருக்கும் தெரிவிக்கிறேன். புள்ளி இன்றும் இளங்கோவைக் கீழே தள்ளிவிட்டது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பு முறியவில்லை. நாளை காலை ஒருவர் குதிரையைப் பார்க்க வருகிறார். கொடுத்துவிடப் போகிறேன்.

வசந்தி அத்தை
ஐயோ. இளங்கோ, வலி எப்படி இருக்கிறது?

இளங்கோ
பரவாயில்லை அத்தை

இளங்கோ
அப்பா, விற்க வேண்டாம்

சுந்தரம் பெரியப்பா
பிறவிக் குணத்தை யார் மாற்ற முடியும்? அதன் தகப்பன் கடிக்கும், உதைக்கும். அந்தப் பொலிகுதிரையைத் தேடிப் பிடித்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

முத்து மாமா
அத்தான், என் பெயரை நேராகவே சொல்லுங்கள்.

முத்து மாமா
அன்று அதன் கழுத்தைத் தடவி "இதைவிட அழகு கிடைக்காது" என்றவர் யார்?

செல்வி சித்தி
மறுபடியுமா

செல்வி சித்தி
நீள ஏணி யாரிடம் இருக்கிறது? இரண்டு வாரமாகத் தேடுகிறேன்

கவிதா
இளங்கோ, விழுந்தபோது மணி என்ன?

இளங்கோ
பொழுது சாய்ந்துவிட்டது. லாயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்

கவிதா
போன முறை?

இளங்கோ
அதுவும் இருட்டும் நேரம்தான்

கவிதா
பகலில் எப்படி?

இளங்கோ
பகலில் பசுவைப் போல. குழந்தைகூட ஏறலாம்

சுந்தரம் பெரியப்பா
பகல் என்ன, இரவு என்ன? ரத்தம் ஒன்றுதானே.

கவிதா, இரவு 8:19
பெரியப்பா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். குணத்தில் பிறப்புக்குப் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. 2005இல் ஜப்பானில் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் இரண்டு வயதுக் குதிரைகளை ஆராய்ந்தார்கள். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏற்பதற்கான டிஆர்டி4 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாற்றம். அதனால் வரும் இரண்டு வடிவங்களில் ஒன்று இல்லாத குதிரைகளுக்கு ஆர்வம் அதிகமாகவும் எச்சரிக்கை உணர்வு குறைவாகவும் இருந்தன. பிறகு 2016இல், அங்கேயே, செரோடோனின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளுக்கான ஏற்பி மரபணு ஒன்றுக்கும் குதிரை சொன்னபடி கேட்பதற்கும் தொடர்பு கண்டார்கள். இன்னும் பின்னால் போனால், இன்றைய வளர்ப்புக் குதிரைகள் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியிலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவியவை. அவற்றில் மனிதன் தேர்ந்தெடுத்ததன் தடம் அழுத்தமாகப் பதிந்த மரபணுக்களில் ஒன்று இசட்எஃப்பிஎம்1. எலிகளில் அது பதற்றத்தோடு தொடர்புடையது. ஆனால் இவை ஒவ்வொன்றும் குணத்தைச் சிறிதளவுதான் அசைக்கும். தகப்பன் கடித்தால் மகள் தள்ளுவாள் என்று எந்த மரபணுவும் எழுதிவைத்திருக்கவில்லை.

சுந்தரம் பெரியப்பா
பங்கு உண்டு என்று நீயே சொல்லிவிட்டாய்.

முத்து மாமா
மீதியையும் படியுங்கள் அத்தான்

வசந்தி அத்தை
செவலைக் குதிரைக்குத்தான் கோபம் அதிகம் என்பார்கள். இது வெள்ளைதானே

கவிதா
அத்தை, அதையும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செவலைகள் புதிய பொருளையும் பழகாத விலங்கையும் கொஞ்சம் துணிவாக நெருங்கின, அவ்வளவுதான். பழக்கும்போது கூடுதலாக முரண்டு பிடித்ததாகத் தெரியவில்லை.

செல்வி சித்தி
நிறத்தை வைத்து எடை போடுவது குதிரையிலும் உண்டா

வசந்தி அத்தை
இந்த வீட்டுக் கோபத்துக்கு நிறமே கிடையாது. அப்பாவிடமிருந்து அப்படியே அண்ணனுக்கு வந்துவிட்டது

சுந்தரம் பெரியப்பா
வசந்தி.

வசந்தி அத்தை
உண்மையைத்தானே சொன்னேன் அண்ணா. புள்ளி பிறந்தபோது நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தீர்கள். லாயத்துப் பக்கம் யாருமே வரவில்லை. தாய்க்குதிரைக்குத் தேய்த்துவிட்டது, கையால் தீனி கொடுத்தது எல்லாம் நான்தான்

கவிதா
அத்தை, அது பெரிய காரியம்! பிரான்சில் இதையே சோதித்தார்கள். குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்கள் தாயை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டு, கையால் தீனி ஊட்டினார்கள். குட்டியைத் தொடவே இல்லை. தாய் அமைதியாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த அந்தக் குட்டிகள் பிறகு மனிதரிடம் தயங்காமல் வந்தன. புள்ளி பகலில் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வதில் உங்கள் கைக்கும் பங்கு இருக்க வேண்டும்.

வசந்தி அத்தை
இதை இப்போதாவது யாரோ சொன்னீர்களே

கவிதா
இளங்கோ, லாயத்து வாசலில் தயங்கி நிற்குமா? வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும்போது?

இளங்கோ
ஆமாம். காலை ஊன்றிக்கொண்டு அசையாது. அப்பா அதைப் பிடிவாதம் என்பார்

கவிதா, இரவு 8:41
அது பிடிவாதமாக இருக்காது. அதற்கு இருட்டில் கண் தெரியவில்லை என்றே நினைக்கிறேன்.

புள்ளியின் உடம்பை நினைத்துப் பாருங்கள். பெயர்தான் புள்ளி, மேனி முழுக்க வெள்ளை, தேடினால் நாலைந்து புள்ளி தேறும். சிறுத்தைப் புள்ளியைத் தரும் மரபணு மாற்றம் டிஆர்பிஎம்1 என்ற மரபணுவில் இருக்கிறது. எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். இந்த மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் வந்தால் நிறையப் புள்ளி, பார்வையில் குறையில்லை. இரு பிரதியிலும் வந்தால் புள்ளி அரிதாகும், பிறவியிலேயே மாலைக்கண் இருக்கும். விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் செல்கள் நன்றாகவே இருக்கும், அவற்றின் செய்தி அடுத்த செல்லுக்குப் போய்ச் சேராது. அதனால்தான் பகலில் நாம் கண்டுபிடிக்க முடியவில்லை. இருட்டியதும் மரக்கிளை அசைந்தாலும் அதற்குத் திடுக்கென்று இருக்கும். முதுகில் ஆள் வேறு. பாவம், அது வேறென்ன செய்யும்?

செல்வி சித்தி
அடடா

முத்து மாமா
அப்படியென்றால் அது என் பொலிகுதிரையிடமிருந்து வந்ததா?

கவிதா
ஒரு பிரதி அதனிடமிருந்து. மற்றொன்று நம் வீட்டுத் தாய்க்குதிரையிடமிருந்து. அதன் இடுப்பில் போர்வை போர்த்தியது போல வெள்ளை நிறமும் புள்ளியும் இருக்கின்றன அல்லவா? இரண்டு பக்கமும் தராமல் இது வராது. ஒரு பிரதி மட்டும் உள்ள இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு வாய்ப்பு.

இளங்கோ
குகை ஓவியத்தில் புள்ளிக் குதிரைகள் உண்டே, அவையும் இதே வகையா?

கவிதா
பிரான்சில் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 ஆண்டுப் பழமையான புள்ளிக் குதிரைகள் இருக்கின்றன. கற்பனை என்றே பலர் நினைத்தார்கள். 2011இல் பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வில் இதே புள்ளி மரபணுவைக் கண்டார்கள். வரைந்தவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்திருக்க வேண்டும்.

முத்து மாமா
படம் இருந்தால் அனுப்பு

செல்வி சித்தி
எனக்கும். ஏணியைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள்

சுந்தரம் பெரியப்பா, இரவு 9:02
மாலைக்கண் என்று எதை வைத்து உறுதி செய்வது?

கவிதா
பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் எத்தனை பிரதி என்று மரபணுச் சோதனையில் தெரியும். வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின் துலங்கலை அளக்கும் சோதனை நேரடியாகவே காட்டிவிடும். இதற்கு மருந்து இல்லை, ஆனால் வயதாக ஆக இது அதிகமாகாது. இருட்டில் ஏறாமல், லாயத்தில் மெல்லிய விளக்கு வைத்தால் நன்றாக வாழும். புள்ளி மரபு இல்லாத பொலிகுதிரையோடு சேர்த்தால் குட்டிக்கு ஒரு பிரதிதான் போகும், அதற்கு இரவிலும் கண் தெரியும்.

முத்து மாமா
அத்தான், சோதிக்காமல் விற்காதீர்கள். வாங்குபவர் இருட்டில் ஏறிக் கழுத்தை முறித்துக்கொண்டால்?

சுந்தரம் பெரியப்பா
வருகிறேன் என்றவரை வர வேண்டாம் என்று சொல்ல முடியாது. வந்து பார்க்கட்டும். கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பணம் வாங்க மாட்டேன்.

இளங்கோ
அப்படியானால் விற்கவில்லை?

சுந்தரம் பெரியப்பா
அப்படிச் சொல்லவில்லை.

வசந்தி அத்தை
காலையில் நான் வருகிறேன். அவர் பார்க்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும்

கவிதா
கண் சோதனைக்கு மருத்துவரிடம் கேட்கிறேன். கொண்டுபோக வண்டி வேண்டும்

முத்து மாமா
குதிரை ஏற்றும் வண்டி என்னிடம் இருக்கிறது. அத்தான் சரி என்றால் கொண்டுவருகிறேன்

சுந்தரம் பெரியப்பா, இரவு 9:20
அதன் பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டாயா மாப்பிள்ளை?

முத்து மாமா
நாளை காலைக்குள் சரிசெய்துவிடுகிறேன்