இரவில் ரோசா இலையைத் தின்னும் வண்டு: மண்ணிலுள்ள புழுவை எப்படி ஒழிப்பது?

வணக்கம். நுவரெலியாப் பக்கம், தோட்டத்து வீடு. வாசலில் அம்மா வளர்க்கிற ரோசாச் செடிகள், எல்லாம் நிலத்தில் நட்டவை. சித்திரை மழை தொடங்கியதிலிருந்து முழு இலை ஒன்றைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஓரத்தைக் கடித்து, நடுவில் ஓட்டை போட்டு, சில கொப்புகளில் நரம்பு மட்டும்தான் மிச்சம். மொட்டையும் விடுவதில்லை.

பகலில் ஒரு பூச்சியும் கண்ணில் படாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு டோர்ச் அடித்தால் மண்ணிற வண்டுகள், சின்னி விரல் நகமளவு. கொப்பைத் தட்டினால் பொத்தென்று விழுந்து அசையாமல் கிடக்கும். செடியடியைக் கிண்டினால் தலை மட்டும் மண்ணிறமான வெள்ளைப் புழுக்கள், வளைந்தபடி. இந்த வண்டின் இளம்பருவம் என்று நினைக்கிறேன். இலைவெட்டித் தேனீ இல்லை. அது கத்தரியால் நறுக்கியது போல ஓரத்தில் அரைவட்டமாக வெட்டும். இலையடியில் பச்சைப் புழுவும் இல்லை.

லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரம் கலந்து பின்னேரத்தில் அடித்தோம். மழை கழுவிவிடுகிறது. சாம்பலும் நிற்கவில்லை. வண்டைப் பிடித்துச் சவர்க்காரத் தண்ணியில் போடுவதுதான் ஓரளவு பலன், ஆனால் மறுநாளும் வந்துவிடுகின்றன. கடையில் குருணை மருந்து சொன்னார்கள். கீழே லீக்ஸ் பாத்தி, அதற்கும் கீழே லயத்து ஆட்கள் குடிக்கத் தண்ணி பிடிக்கிற பீலி. அதைப் போடவே மாட்டேன்.

மலைநாட்டுக் குளிரிலும் மழையிலும் இந்தப் புழுவுக்கு வேப்பம் பிண்ணாக்கோ பூச்சிகளைத் தாக்கிக் கொல்லும் மெற்றாரைசியம் பூஞ்சணமோ போட்டுப் பலன் கண்டவர்கள், எதை, எந்த மாதத்தில், செடிக்கு எவ்வளவு போட்டீர்கள்?