மரத்தைச் சுத்தி ஒரு மீட்டர்: எங்க இருந்து?

பொருநைக்கரை:
பாளையங்கோட்டைப் பக்கம் சதுக்கம் அமைக்கிறதுக்கு ஒருத்தர் யோசனை எழுதியிருக்காரு: "மரத்தைச் சுத்தி ஒரு மீட்டர் மண்ணு விட்டாப் போதும், மிச்சம் பூரா பேவர் பிளாக் போட்டுரலாம்." எங்க இருந்து ஒரு மீட்டர்? மரத்து நடுவுல இருந்தா, பட்டையில இருந்தா? ரெண்டடி விட்டமுள்ள வேம்புக்குப் பட்டையில இருந்து அளந்தா 5 சதுர மீட்டர் மண்ணு கிடைக்கும். நடுவுல இருந்து அளந்தா 2.9 கூட வராது.

பேட்டை கட்டுமானம்:
எழுதுனது நான்தான். 2013-ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவு அது. என் கையில இருந்து போடல.

பொருநைக்கரை:
டெல்லியில ஏற்கெனவே போட்ட காங்கிரீட்டை உடைக்கச் சொன்ன உத்தரவு அண்ணாச்சி அது. புதுசாக் கட்டுறவன் அதோட நிறுத்திக்கிடலாமா? சரி, எங்க இருந்து அளப்பீங்க?

வேம்படி:
ரெண்டு பேரும் டேப்பைக் கீழ வைங்க. வேரு மரத்து நிழலையும் தாண்டி ஓடும். கல்லு வழியாத் தண்ணி இறங்குதாங்கிறதைப் பாருங்க. ஆளு நடக்க 60 மில்லி கல்லு, அடியில 30 மில்லி மணல், அதுக்குக் கீழ ஜல்லி. இடுக்குல மணலைத்தான் கூட்டி விடணும். சிமெண்ட் பாலைக் கரைச்சு ஊத்திருதாங்க. பொறவு கார்த்திகை மழை பூரா சாக்கடைக்குத்தான்.

பேட்டை கட்டுமானம்:
ஊத்தலேன்னா எறும்பு மணலைத் தள்ளும், புல்லு முளைக்கும், கல்லு ஆடும். கரிசல் வேற மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். வயசானவங்க இடறி விழுந்தா யாரு பொறுப்பு?

வேம்படி:
கரிசலுக்கு மருந்து சிமெண்ட் பால் இல்லவே. ஒன்றரை அடி தோண்டி எடுத்துட்டு, அரையடிக்கு அரையடி கிராவல் போட்டுத் தண்ணி விட்டுத் திமிசால இடிச்சு இறுக்கணும். ஓரத்துல கெர்ப், அதான் விளிம்புக்கல்லு, பதிக்காததாலதான் கல்லு நகருது.

பொருநைக்கரை:
மரத்தடியிலயும் ஒன்றரை அடி தோண்டுவீரோ? தண்ணி உறியுத சல்லிவேரு பூரா மேல ரெண்டடிக்குள்ளதான் கிடக்கு. அதுக்குத்தான் ஒரு மீட்டர் கேக்கேன். பட்டையில இருந்து.

மருதநிழல்:
வேம்பையே ஏன் பிடிச்சுத் தொங்குதீங்க? தாமிரபரணிக் கரை ஊருக்கு மருதம் நடுங்க.

பேட்டை கட்டுமானம்:
ஆத்தங்கரை மரத்துக்குச் சதுக்கத்துல தண்ணி யாரு ஊத்துவா?

மருதநிழல்:
போன தடவை குல்மொஹர் நடச் சொன்ன ஆளுதானே நீங்க? ஆடி மேலக்காத்துல கிளை ஒடிஞ்சு தலையில விழுத மரம் அது. நீங்க மரத்தைப் பத்திப் பேசாதீங்க.

பேட்டை கட்டுமானம்:
சுத்தித் திண்ணை கட்டிட்டா இந்தப் பேச்சுக்கே இடமில்ல. சனம் உக்காரும்.

பொருநைக்கரை:
அதைவிடக் கேடு வேற இல்ல. திண்ணை கட்டி உள்ள ஒன்றரை அடி மண்ணை ரொப்பிருதாங்க. தூரு மூடிப்போகும். பட்டை எந்நேரமும் ஈரத்துல கிடந்து இத்துப்போகும். கறுப்பா நீர் வடியும், விரலால அழுத்துனா பொருக்குப் பொருக்கா வரும், கரையான் ஏறும். அடியில வேருக்குக் காத்துப் போகாது. உச்சிக்கிளை காயும்போதுதான் வெளிய தெரியும். அப்ப மண்ணை அள்ளியும் பிரயோசனமில்ல. உக்கார இடம் வேணும்னா தனிக்கால் மேல கல்பலகை நிறுத்துங்க, தூர்ல மண்ணு ஏத்தாதீங்க. பலகையும் ஒரு மீட்டருக்கு வெளிய. பட்டையில இருந்து.

பேட்டை கட்டுமானம்:
பிளான்ல மரத்தைப் புள்ளியாத்தான் போடுவோம். புள்ளியில இருந்துதான் அளவு.

பொருநைக்கரை:
புள்ளி பருக்காதுவே, மரம் பருக்கும். இன்னைக்கே 2.9 இல்ல, தூரு பருக்கப் பருக்க அதுலயும் குறையும்.

பேட்டை கட்டுமானம்:
வேலை நடக்குத இடத்துல நூல் பிடிச்சவனுக்குத் தெரியும். நடுவுல இருந்துதான்.

வேம்படி:
சிமெண்ட் பாலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.